சாம்பல் பாதி பிறந்த கதை

கலியாணவீட்டு வீடியோ எடுக்கிற ஸ்ரூடியோக்கள் போனில் பார்ப்பதற்கென்று போடுகிற ஒரு வகைத் துண்டுப்படம் உண்டு. அதைப் பார்க்காத ஆள் இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டார். அராலி வயல்கரை, பின்னேர வெயில், கூறைச்சேலையோடு பொம்பிளை வரம்பில் நடந்து வருகிறா. படத்தின் நடுவே நெட்டுக்குத்தாய் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் எல்லாம் சாம்பல். வயலும் சாம்பல், வானமும் சாம்பல், கூறை பழைய செங்கல் நிறம். வலப்பக்கம் நெல் பச்சையாய் நிற்கிறது, கூறை சிவக்கிறது, முகத்தில் வெயில் விழுகிறது. பிறகு அந்தக் கோடு மெல்ல இடக்கரைக்கு நகர்ந்து சாம்பலை முழுதாய் வழித்தெடுத்துவிடும். 'கலர் கிரேடிங்குக்கு முன், பின்' என்று கீழே எழுதியிருக்கும்.

இடது பாதியை எல்லாரும் ஒறிஜினல் என்கிறார்கள். கமரா கண்டது அதைத்தான், நிறத்தைப் பிறகு கொம்பியூட்டரில் பூசினார்கள் என்பது பொது நம்பிக்கை. ஆனால் அராலி வயல் எந்த மாரியிலும் எந்தக் கோடையிலும் அந்த நிறத்தில் இருந்ததில்லை. வரம்பில் நின்று பார்த்த கண்ணுக்கு வலது பாதிதான் கிட்ட வரும். அப்படியென்றால் சாம்பல் எங்கிருந்து வந்தது? அதை ஆட்கள் கணக்குப் பார்த்து, மினக்கெட்டு, வேண்டுமென்றே கமராவுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலுக்கு வயது முப்பதுக்கு மேல். அதைப் பெற்றது கொடக் கம்பெனி.

படத்தை எடுத்த பிறகு நிறத்தில் கைவைப்பது சினிமா பிறந்த நாளிலிருந்தே இருக்கிற வேலை. பாரிஸில் மெலியே எடுத்த மாயாஜாலப் படங்களை எலிசபெத் துய்லியே என்ற அம்மையாரின் பட்டறையில் பெண்கள் வரிசையாய் இருந்து, தூரிகையால் ஒவ்வொரு சட்டமாய் நிறந்தீட்டினார்கள். பேசாப்படக் காலத்தில் பிரதியையே சாயத்தில் தோய்த்தார்கள். இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், தீப்பிடித்தால் சிவப்பு. மத்தியான வெயிலில் எடுத்த காட்சியை நீலத்தில் முக்கி இரவு என்று காட்டினார்கள், சனமும் ஏற்றுக்கொண்டது. பேசும் படம் வந்ததும் சிக்கல். ஒலியையும் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாய்ப் பதிந்திருந்தார்கள். அந்தக் கோட்டை வாசிக்கிற கருவிக்குச் சாயம் குறுக்கே நின்றது. ஒலியைக் கெடுக்காத சாயச்சுருளைக் கொடக் 1929இல் கொண்டுவந்தது. ஆனாலும் அந்த வழக்கம் கொஞ்சக் காலத்தில் அருகிப்போயிற்று.

உண்மையான கலர்ப்படம் வந்த பிறகு நிலைமை வேறு. 1950இல் கொடக் ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவை விட்டது. பழைய ஸ்ரூடியோக்களில் நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்கச் செம்மஞ்சளாய் இருக்கும். சாயங்களின் குறையைச் சரிக்கட்டவென்றே அந்தச் செம்மஞ்சளை வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். நெகட்டிவில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏறக்குறைய 0.6 மடங்காய் அமுக்கிப் பதிய வைத்தார்கள். அமுக்கினால்தான் வெயிலும் நிழலும் இரண்டும் ஒரே சுருளில் அடங்கும். தியேட்டரில் ஓடுகிற பொசிற்றிவ் பிரதி அதை மறுபடி விரித்துக் காட்டும். ஆக, சேமிக்கிற சுருள் ஒன்று, காட்டுகிற சுருள் இன்னொன்று. சேமிக்கிற சுருளைச் சனத்துக்குக் காட்ட யாருக்கும் புத்தி போகவில்லை. செம்மஞ்சளாய், தலைகீழ் நிறத்தில், சப்பென்றிருக்கிற நெகட்டிவைத் திரையில் பாதியும் பிரதியைப் பாதியுமாய்ப் போட்டு 'முன், பின்' என்று காட்டினால் அந்த நாளில் சிரித்திருப்பார்கள்.

தமிழில் முதல் முழுநீளக் கலர்ப்படம் 1956இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அது கேவாகலர். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் கேவாகலரில் எடுக்கப்பட்டு டெக்னிகலர் பிரதியாக வெளிவந்தது. அதற்குப் பிறகு கோடம்பாக்கத்தில் ஈஸ்ட்மன்கலர் ஆட்சி. லேப்பில் கிரேடர் என்று ஒருவர் இருப்பார். டைரக்டர் பெயர் தெரிந்தவர்களுக்கும் கமராமன் பெயர் தெரிந்தவர்களுக்கும் அவர் பெயர் தெரியாது. நெகட்டிவிலிருந்து பிரதி அடிக்கிற மெஷினில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒளி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை புள்ளி. 25 நடு. பெல் அண்ட் ஹவல் கம்பெனி 1961இல் விட்ட பிரிண்டரோடு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. கிரேடரும் கமராமனும் சேர்ந்து இருந்து பிரதியை ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த ஷொட்டுக்குச் சிவப்பு ஒரு பொயின்ற் குறை, அடுத்ததுக்கு நீலம் இரண்டு கூட்டு. எழுதிக்கொண்டு போய்த் திரும்ப அடிப்பார்கள். எல்லாம் சரியென்று வந்தால் அதுதான் ஃபர்ஸ்ட் கொப்பி. படத்தைத் தயாரித்துக் கொடுக்கிற ஒப்பந்தமே அந்தச் சொல்லில்தான் போடுவார்கள்.

மூன்று ஒளியையும் முழுச் சட்டத்துக்கும் சேர்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். வானத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கு, முகத்தை விட்டுவிடு என்று கிரேடரிடம் கேட்க முடியாது. அப்படி வேண்டுமென்றால் எடுக்கிற இடத்திலேயே பில்ரரைப் போட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் காத்திருந்து எடுக்கவேண்டும். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா பேர் எடுத்தது இந்த ஒழுங்குக்குள்தான். 'மூன்றாம் பிறை'யின் ஊட்டிப் புகார் லேப்பில் சேர்த்த புகார் இல்லை. புகார் இறங்குகிற நேரம் பார்த்துக் கமராவை ஓடவிட்டிருக்கவேண்டும். எடுக்கிறபோதே நிறம் முக்கால்வாசி தீர்ந்துவிட்ட காலம் அது.

கிரேடர் எதை வைத்து அளந்தார் என்பது தனிக்கதை. சுருளின் தலைப்பில், தியேட்டரில் ஓடாத பகுதியில், ஒரு பெண்ணின் முகத்தைச் சில சட்டங்களுக்கு ஒட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் சாம்பல் அட்டை. முகம் முகமாய் வந்தால் சுருள் சரி. ஸ்ரில் படங்கள் கழுவுகிற லேப்புகளுக்கும் கொடக் இதே மாதிரி முகஅட்டை அனுப்பியது. அதன் பெயர் ஷேர்லி அட்டை. பல பத்தாண்டுகளுக்கு அந்த முகம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமாகவே இருந்தது. அந்த முகம் நன்றாய் விழும்படி திருகிவிட்ட சாயத்திலும் மெஷினிலும் கறுத்த முகங்கள் இருட்டில் அமிழ்ந்தன, பல்லும் கண்ணும் மட்டும் வெளியே நின்றன. கறுத்தவர்கள் சொல்லிக் கொடக் திருத்தவில்லை. சொக்லேற் கம்பெனிகளும் தளபாடக் கம்பெனிகளும், கடும் மண்ணிறமும் இளம் மண்ணிறமும் விளம்பரப் படத்தில் ஒன்றாய்த் தெரிகிறதென்று முறைப்பட்ட பிறகுதான் 1970களில் சுருளின் சாயத்தில் கைவைத்தார்கள். கனடாவில் லோர்னா ரொத் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் எடுத்த எங்கள் தமிழ்ப்படங்கள் கலரை எட்டவில்லை. வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல், தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' 1977இல் வந்தன. இரண்டும் கறுப்பு வெள்ளை. கலர் எங்களுக்கு இந்தியாவிலிருந்து சுருளாய்த்தான் வந்தது, அதுவும் எத்தனையோ ஊர் ஓடிக் களைத்த பிறகு. பழைய ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் மூன்று சாயத்தில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். மிஞ்சுவது சிவப்பும் ஊதாவும். அப்படி மங்கின பிரதியில் எம்.ஜி.ஆரின் முகமும் இளஞ்சிவப்பு, அவருக்குப் பின்னால் இருந்த கடலும் இளஞ்சிவப்பு. அதையும் கலர்ப்படம் என்றுதான் டிக்கெட் எடுத்துப் பார்த்தோம்.

பிறகு வீடியோக் கசற் போடுகிற டெக் வந்தது. ரீ.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மின்சாரமில்லாத நாட்களில் ஜெனரேற்றரும் வைத்து, விடிய விடியப் படம் ஓடும். கொப்பியிலிருந்து கொப்பி அடித்த கசற்றில் சிவப்பு எல்லை தாண்டி வழியும். ரீ.வி.யில் கலருக்கென்று ஒரு குமிழ் இருந்தது, அதைத் திருகுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அதிகாரி இருந்தார். அவர் திருகினால் ஸ்ரீதேவி பச்சையாவா, இன்னொரு திருகில் செம்பருத்தியாவா. கிரேடிங் என்ற சொல்லை அறியாமலே ஊர் முழுக்கக் கிரேடர்கள் இருந்த காலம் என்று அதைச் சொல்லலாம்.

இனிச் சாம்பலுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் கொடக்குக்கு ஒரு தேவை வந்தது. நெகட்டிவை ஸ்கான் பண்ணிக் கொம்பியூட்டருக்குள் எடுத்து, கீறல் துடைத்து, தந்திரக் காட்சி சேர்த்து, திரும்பவும் சுருளில் அடிக்கவேண்டும். திரும்பி வருகிற சுருள், போன சுருளைப் போலவே இருக்கவேண்டும். நெகட்டிவில் இருக்கிற ஒளி வீச்சு முழுவதையும் எப்படி எண்ணாக்குவது? அந்தக் காலத்து வட்டுக்கும் நினைவகத்துக்கும் தாங்கக்கூடியது ஒரு நிறத்துக்கு 10 பிற், அதாவது 1024 படி. அதற்குள் அடக்கவேண்டும்.

ஒரு திரி எரிகிற குத்துவிளக்கில் இரண்டாவது திரியை ஏற்றினால் அறைக்கே தெரியும். நூறு திரி எரிகிற இடத்தில் இன்னொன்றை ஏற்றினால் ஏற்றினவனுக்கு மட்டுந்தான் தெரியும். கண் எத்தனை கூடியது என்று பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு என்று பார்க்கிறது. ஆனபடியால் 1024 படியை ஒளியின் அளவுக்கு நேரே பங்கிட்டுக் கொடுத்தால் பெரும் அநியாயம் நடக்கும். ஒளி இரட்டிப்பாவதைக் கமராக்காரர் ஒரு ஸ்ரொப் என்பார்கள். ஆகப் பிரகாசமான ஸ்ரொப் ஒன்றே 512 படியை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ளதுக்கு 256, அதற்கும் கீழே 128. பந்தலின் நிழலுக்குள் வரும்போது கையில் நாலு படி, இரண்டு படிதான் மிஞ்சும். நிழலில் நிற்கிற ஆச்சியின் முகம் திட்டுத் திட்டாய் உடையும்.

கொடக் அதை மடக்கைக் கணக்கில் பங்கிட்டது. பள்ளிக்கூடத்தில் மடக்கை வாய்ப்பாடு புரட்டிக் களைத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பெருக்கலைக் கூட்டலாக்குகிற அதே வித்தைதான். அதில் ஒவ்வொரு ஸ்ரொப்புக்கும் ஏறக்குறையச் சமமான படி கிடைக்கும். நெகட்டிவின் அடர்த்தி 0.002 கூடினால் ஒரு படி. அதன் பெயர் சினியோன். காட்சியின் கறுப்பை 95ஆம் படியில் வைத்தார்கள், வெள்ளைக் கடதாசியின் வெள்ளையை 685ஆம் படியில். 685க்கு மேலே 1023 வரைக்கும் உள்ள இடம் வெள்ளைக் கடதாசியிலும் பிரகாசமான சாமான்களுக்கு: கண்ணாடியில் தெறிக்கிற வெயில், விளக்குச்சுவாலை, பித்தளைக் குடத்தின் மினுக்கம்.

இந்த எண்களை மாற்றாமல் அப்படியே ஒரு ரீ.வி.யில் போட்டுப் பாருங்கள். கறுப்பு அடித்தட்டில் இல்லை, அதற்கு மேலே நிற்கிறது, ஆகவே சாம்பலாய்த் தெரியும். வெள்ளை உச்சியில் இல்லை, உச்சிக்கு நன்றாய்க் கீழே நிற்கிறது, ஆகவே அதுவும் சாம்பலாய்த் தெரியும். இரண்டுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து வைத்த நிறங்களும் சோர்ந்துபோகும். சாம்பல் பாதி பிறந்தது இந்த இடத்தில். கொடக்கின் பொறியியலாளர்களுக்கு அது படமே இல்லை. நெகட்டிவின் எண் வடிவம், பெட்டியில் அடுக்கி வைத்த சாமான். அதைத் திரையில் பார்க்கிறவர்கள் எப்போதும் ஒரு மாற்று வாய்ப்பாட்டின் ஊடாகத்தான் பார்த்தார்கள்.

1993இல் சினியோன் வேலைக்கு வந்தது. அதே வருடம் வோல்ற் டிஸ்னியின் 1937ஆம் வருடத்து 'ஸ்னோ வைற்' முழுதும் ஸ்கான் பண்ணப்பட்டு, துப்புரவாக்கப்பட்டு, மறுபடி சுருளுக்குப் போனது. ஒரு முழுப்படம் இப்படிக் கொம்பியூட்டருக்குள் போய்த் திரும்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் நிறத்தை வேண்டுமென்றே மாற்றிக் காட்டிப் பேர் எடுத்தது கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ'. 1999 கோடையில் மிசிசிப்பியில் எடுத்தார்கள். கதைக்குத் தேவை வறண்ட, தூசி படிந்த, பழைய தபாலட்டை மாதிரியான நாடு. மிசிசிப்பியோ கோடையில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. கமராமன் றொஜர் டீகின்ஸ் லேப்பில் இரசாயன வழிகளைப் பரீட்சித்துப் பார்த்தார். லேப்பில் மூன்று ஒளிதான். பச்சையைக் குறைத்தால் முகமும் கூடவே போகும். கொடக்கின் சினிசைற் நிறுவனத்தில் முழுப்படத்தையும் ஸ்கான் பண்ணி, பச்சையை மட்டும் தனியே பிடித்து மஞ்சளாக்கினார்கள். 2000இல் படம் வந்தது. இலையெல்லாம் வைக்கோல் நிறம், ஆட்கள் ஆட்களாய் இருந்தார்கள். கோடம்பாக்கத்தில் டி.ஐ. (டிஜிற்றல் இன்ரர்மீடியற்) என்று சொல்லுகிற வேலைக்கு வழி திறந்தது அந்தப் படத்தோடுதான்.

அதுவரைக்கும் சாம்பல் லேப்புக்குள் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவை டிஜிற்றல் கமராக்கள். 2000களின் தொடக்கத்தில் தொம்சன் வைப்பர் என்ற கமரா மடக்கைக் கணக்கிலேயே படத்தை வெளியே தந்தது. அதன் சாம்பலில் பச்சை வேறு கலந்திருக்கும். 2010இல் அரி கம்பெனி அலெக்ஸாவை விட்டது. ஸ்கான் பண்ணின நெகட்டிவைப் போலவே இருக்கட்டும், லேப்புகளுக்குப் பழகின கை மாறவேண்டாம் என்று அதற்கும் ஒரு மடக்கை வளைவு. இவையெல்லாம் சினிமாக்காரரின் வாடகைக் கமராக்கள். எங்கள் பெடியளின் கைக்கு முதலில் எட்டியது கனன் 5டி மாதிரி ஸ்ரில் கமராக்கள். அவற்றில் ஏற்றுவதற்கு டெக்னிகலர் கம்பெனி 2011இல் சினிஸ்ரைல் என்று ஒரு சப்பை நிறக்கோலத்தை இலவசமாய்க் கொடுத்தது. அதை ஏற்றிவிட்டால் கலியாணவீடும் சாம்பலாய்ப் பதியும். பிறகு சோனி. 2015இல் வந்த ஏ7எஸ் இரண்டாம் மொடலிலிருந்து எஸ்-லொக் 3 என்ற மடக்கை வளைவு சின்னக் கமராக்களில் பரவியது.

அந்த எஸ்-லொக் 3இன் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் கறுப்புக்கு நேரே 95 என்று இருக்கும். சினியோனின் அதே 95. சோனி வேண்டுமென்றேதான் சினியோனுக்குக் கிட்ட வைத்தது. நெகட்டிவ் சுருளை ஒருநாளும் தொட்டிராத, கொடக் என்றால் பழைய கடைப்பலகை என்று நினைக்கிற ஒரு பெடியன், சங்கரத்தையில் ஒரு கலியாணவீட்டுப் பந்தலுக்குள் கமராவை ஓடவிடும்போது, நிழல் போய் விழுகிற படி கொடக் 1990களில் குறித்துவைத்த படி.

சாம்பலை விரித்துக் காட்டுகிற கருவியும் அதே காலத்தில் கைக்கு வந்தது. புளோரிடாவில் 1984இல் தொடங்கிய டாவின்சி கம்பெனியின் மெஷின்கள் பெரிய ஸ்ரூடியோக்களின் இருட்டறைகளில் மட்டும் இருந்தவை. அவர்களின் ரிசொல்வ் லட்சக்கணக்கான டொலர் விலை. அவுஸ்திரேலியாவின் பிளக்மஜிக் 2009இல் கம்பெனியை வாங்கி, மென்பொருளை 2010இல் 995 டொலருக்குத் தந்தது, 2011இல் ஒரு பதிப்பை இலவசமாய் விட்டது. வட்டுக்கோட்டையில் ஒரு வீட்டு விறாந்தையில், மின்விசிறிக்குக் கீழே, ஹொலிவூட்காரன் வைத்திருக்கிற அதே மேசை விரிவது இப்படித்தான்.

என் பெறாமகன் ஒருவன் அந்த மேசையில்தான் சீவிக்கிறான். பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மத்தியானம் கோயில் வாசலில் எடுத்த ஒரு ஷொட். மாப்பிளை பட்டு வேட்டி, பொம்பிளை கூறை, பின்னால் வெள்ளை மதில், ஓரத்தில் வடலிக்கூட்டம். திரையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் அலைவரைபு. அதில் வேட்டியின் வெள்ளை நூற்றுக்கு 61இல் தட்டிக்கொண்டு நிற்கிறது. நல்லாய் எடுத்திருக்கு என்றான். எஸ்-லொக் 3இல் வெள்ளை அந்த இடத்தில்தான் நிற்கவேண்டுமாம். மாற்று வாய்ப்பாட்டைப் போட்டான். அதை அவர்கள் லட் என்பார்கள். ஒரே தட்டு, சாம்பல் போயிற்று. வேட்டி வேட்டியாய், மதில் மதிலாய் வந்துவிட்டது. சனம் கைதட்டுகிற மாற்றம் முழுக்க அந்த ஒரு தட்டில் முடிந்தது.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கூறையின் சிவப்பு உறைந்துபோய் நின்றது, சரிகையும் நெசவும் தெரியவில்லை, சிவப்புக் கடதாசி ஒட்டின மாதிரி. சிவப்பை மட்டும் தனியே பிடித்து, செறிவைக் கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் இருட்டாக்கினான். கட்டங்கட்டமாய் நெசவு வெளியே வந்தது.

"கூறையின்ரை நிறம் மாறினால் மாப்பிளை வீட்டார் காசு தரமாட்டினம், சித்தப்பா. தாங்கள் எடுத்த கூறை உது இல்லை எண்டு நிப்பினம்."

வடலியின் பச்சை கண்ணைக் குத்தியது, அதைச் சற்று மஞ்சள் பக்கம் தள்ளினான். மதிலிலிருந்து தெறித்த வெள்ளை, பொம்பிளையின் இடக்கன்னத்தில் நீலமாய் விழுந்திருந்தது. அதற்கு ஒரு வட்டம் போட்டுச் சூடாக்கினான். இவ்வளவுக்கும் போன நேரத்தில் ஒரு தேத்தண்ணி ஆறிவிட்டது. முதல் தட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் என் கண்ணுக்கு, அவன் சுட்டிக் காட்டாவிட்டால், பட்டிருக்காது.

இதில் உண்மை நிறம் எது, தம்பி, என்று கேட்டேன். அவன் எந்த லட் எந்தக் கமராவுக்குப் பொருந்தும் என்று சொல்லத் தொடங்கினான். வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்பதை வட்டுக்கோட்டையிலேயே இருந்து கேட்க வேண்டியதாயிற்று. ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. மத்தியான வெயிலில் அந்த மதிலைக் கண் எப்படிக் கண்டது என்பதற்கு அட்டவணை கிடையாது.

ஒன்றுக்கு மட்டும் அட்டவணை மாதிரி ஒன்று இருக்கிறது: தோலுக்கு. வெக்ரர்ஸ்கோப் என்ற வட்டமான அளவுப்பலகையில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஒரு கோடு கீறியிருக்கும். வெள்ளையர், கறுப்பர், நாங்கள், சீனர், யாருடைய தோலாய் இருந்தாலும் நிறச்சாயல் அந்தக் கோட்டை ஒட்டியே வந்து விழும். தோலுக்குக் கீழே ஓடுகிற இரத்தமும் தோலில் இருக்கிற கருநிறமியும் எல்லாருக்கும் ஒரே சாமான். வித்தியாசம் பிரகாசத்திலும் செறிவிலும்தான். ஆகவே மாநிறப் பொம்பிளையை மாநிறமாய், அழகாய், வெளிச்சமாய்க் காட்டத் தேவையான எல்லாம் இந்தக் கருவியில் உண்டு. கொடக்கின் பழைய முகஅட்டைக் குறை இங்கே இல்லை. குறையை நாங்களே கொண்டுவருகிறோம். "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்காத வீடு குறைவு. கேட்டால் முகத்தை மட்டும் பிடித்து உயர்த்தவேண்டும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், தாலி கட்டுகிற மாப்பிளையின் கை மூன்றாவது நிறம். இதுகளைப் பார்க்கும்போது, பச்சை வயலை மஞ்சளாக்கின டீகின்ஸ் எவ்வளவோ நேர்மையான மனிதராய்த் தெரிகிறார்.

கனடாவிலிருந்து வந்து சாமத்தியவீடு செய்த ஒரு குடும்பம், வெட்டி ஒட்டின வீடியோ மட்டும் போதாது, எடுத்தது எல்லாம் வேண்டும் என்று கேட்டு ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் போன் வந்தது. முழுக்கப் புகை பிடித்த மாதிரி இருக்கிறதாம், கமரா பழுதோ, டிஸ்க் பழுதோ என்று கோபம். லொக் என்றால் என்னவென்று விளக்க என் பெறாமகன் பட்ட பாடு! ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் எல்லாத் துண்டுக்கும் ஒரே லட்டைப் போட்டு இரவிரவாய் ஏற்றி அனுப்பினான். அதோடு சமாதானம். இப்போது ஐபோனிலும், 15 ப்ரோவிலிருந்து, அப்பிள் லொக் என்று அதே சாம்பலைப் பதியலாம். இனி இந்த போன் அழைப்புகள் கூடத்தான் செய்யும்.

நடுவில் ஓடுகிற அந்தக் கோட்டுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கிரேடிங் அறையில் அது விளம்பரத்துக்காக வந்த சாமான் இல்லை. ஒரே காட்சியில் அடுத்தடுத்து வருகிற இரண்டு ஷொட்டுகளை ஒப்பிடப் பிறந்தது. முதல் ஷொட்டில் வெயில், அடுத்த ஷொட் எடுக்கும்போது முகில் மறைத்துவிட்டது. ஆனால் கதையில் இரண்டும் ஒரே நிமிடம். முதல் ஷொட்டிலிருந்து ஒரு சட்டத்தைப் பிடித்து வைத்து, பாதித் திரையில் அதையும் மறுபாதியில் இரண்டாவதையும் போட்டு, கோட்டை இங்குமங்கும் இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகிக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போனால் வேலை முடிந்தது. என் பெறாமகனின் நாளில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. அவனிடம் இருப்பது சோனி, உதவிக்கு வருகிறவன் வைத்திருப்பது பழைய கனன். கனனில் 8 பிற், 256 படிதான். மழை நாளில் அராலிப் பாலத்தில் எடுத்தால் வானம் பாய் விரித்தமாதிரிக் கோடு கோடாய் உடையும். அதைச் சோனியோடு சேர்த்துவைக்கிறதுக்குள் கண் பூத்துவிடும்.

அப்படி அவன் சேர்த்த இரண்டு ஷொட்டை எனக்குக் காட்டினான். கோடு நகர்ந்தது, ஒன்றும் மாறவில்லை. அவனுடைய வேலைகளில் நான் கண்ட ஆகத் திறமான வேலை அது. இப்படியான வேலையை விளம்பரத்துக்குப் போட்டால் என்ன என்றேன். அதுமாதிரி ஒன்றை ஒருக்கால் போட்டுப் பார்த்தானாம். இடது பக்கத்தில் சாம்பலுக்குப் பதிலாக லட் மட்டும் போட்ட படம், வலது பக்கத்தில் தான் முடித்த படம். அந்த ஒப்பீடுதான் நேர்மையானது. கூறையின் நெசவு, கன்னத்து நீலம், வடலியின் மஞ்சள், அவன் செய்தது மட்டுமே அதில் வித்தியாசமாய்த் தெரியும். ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று அவனுடைய தாயே கேட்டாவாம்.

ஆவணியில் முகூர்த்தம் நிறைய இருக்கிறது. ஓடர் வரவேண்டும். திரும்பவும் சாம்பலைத்தான் போடுகிறான், அதுவும் போதாதென்று இப்போது அதை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கிப் போடுகிறான்.